அந்திரித்சேனாவும் பாஸே அப்பல்லோ கோயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஸுக்குப் போகிறவர்கள் ஏதென்ஸ், சாந்தோரினி, நேரம் இருந்தால் ஒலிம்பியா என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பெலோபொனீஸ் தீபகற்பத்தின் மேற்கு மலைகளில் அந்திரித்சேனா என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. அதற்கு மேலே 14 கிலோமீட்டர் போனால் பாஸே என்ற இடத்தில் கிரேக்கக் கடவுள் அப்பல்லோவுக்கு 2,400 ஆண்டுப் பழமையான கோயில். அங்கே போகலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இங்கே. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒலிம்பியாவிலிருந்து அரை நாளில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவரும் திட்டத்துக்கு நான் எதிர்க்கட்சி. ஊரில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்.

இந்த ஊர் சரியாக எங்கே இருக்கிறது?

இலியா மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஆர்கேடியா மலைகள் தொடங்கும் இடத்தில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரம். ஏதென்ஸிலிருந்து காரில் மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். ஒலிம்பியாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. வரைபடத்தில் கடல் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். நம்பிவிடாதீர்கள், நடுவில் மலை இருக்கிறது.

ஒரே ஒரு கோயிலுக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா?

கட்டடக் கலையில் கொஞ்சமாவது ஆர்வம் இருந்தால் கண்டிப்பாகப் போகலாம். கிரேக்கத்தில் முதன்முதலாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது இந்தக் கோயில்தான், 1986இல். ஏதென்ஸ் அக்ரோபோலிஸுக்கே அடுத்த ஆண்டுதான் இடம் கிடைத்தது.

கோயில் கட்டப்பட்டது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். கட்டியவர்கள் பக்கத்தில் இருந்த ஃபிகாலியா என்ற நகரத்து மக்கள். குறுக்கில் 6, நெடுக்கில் 15 என்று சுற்றிலும் தூண்கள், மொத்தம் 38. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. கிரேக்கத்தில் இந்த அளவுக்கு முழுசாகத் தப்பிய பழைய கோயில்கள் குறைவு. காரணம் எளிது: 1,131 மீட்டர் உயரத்தில், ஊர் ஏதும் ஒட்டியில்லாத மலைத்தோளில் இருப்பதால், கல்லைப் பெயர்த்து வீடு கட்ட யாரும் அவ்வளவு தூரம் வரவில்லை.

விசித்திரங்கள் பல உண்டு. கிரேக்கக் கோயில்கள் பொதுவாகக் கிழக்கு பார்த்திருக்கும். இது வடக்கு பார்த்தது. ஆனால் உள்ளே கருவறையின் கிழக்குச் சுவரில் தனியாக ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். வெளித்தூண்கள் அலங்காரம் இல்லாத டோரிக் பாணி. உள்ளே போனால் சுவரோடு ஒட்டிய, தலையில் சுருள் வைத்த அயோனிக் அரைத்தூண்கள். இன்னும் உள்ளே, நடுவில் தனியாக நின்ற ஒற்றைத் தூணின் தலையில் இலை வேலைப்பாடு. உலகத்தில் நமக்குத் தெரிந்த முதல் கொரிந்தியத் தூண்தலை அதுதான். பின்னால் ரோமாபுரி முதல் வாஷிங்டன் வரை அரசாங்கக் கட்டடங்களில் ஏறி உட்கார்ந்த அந்த வடிவம், ஆடு மேயும் இந்த மலையில்தான் முதலில் காணக் கிடைக்கிறது. மூன்று பாணிகளையும் ஒரே கட்டடத்தில் சேர்த்த துணிச்சல் எனக்கு இந்தக் கோயிலில் மிகப் பிடித்த விஷயம்.

இதைக் கட்டியவர் ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் பார்த்தினன் கோயிலைக் கட்டியவர் என்கிறார்களே, உண்மையா?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுக்கச் சுற்றிப் பயணக் குறிப்பு எழுதிய பௌசேனியஸ் அப்படித்தான் சொல்கிறார். பார்த்தினனின் இக்டினோஸே இதற்கும் கட்டடக் கலைஞர் என்பது அவர் வாக்கு. கல்லின் அழகிலும் பொருத்தத்திலும் பெலோபொனீஸில் தேகேயா கோயிலுக்கு அடுத்தபடி இதுதான் என்றும் புகழ்கிறார். கோயில் கட்டி 500 ஆண்டுகளுக்கு மேல் கழிந்து எழுதியவர் என்பதால், இக்டினோஸ் விஷயத்தை ஆய்வாளர்கள் எல்லோரும் அப்படியே ஏற்பதில்லை.

கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றியதற்கு நன்றியாக அப்பல்லோவுக்கு இதைக் கட்டினார்கள் என்பதும் பௌசேனியஸ் சொன்ன கதைதான். அதனால்தான் சாமிக்கு ‘எபிகூரியோஸ்’, அதாவது உதவிக்கு வருபவர் என்று பெயராம். ஆனால் அந்தக் கொள்ளைநோய்க் காலத்திலேயே வாழ்ந்து எழுதிய வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், நோய் பெலோபொனீஸுக்குள் சொல்லும்படி நுழையவில்லை என்கிறார். ஆர்கேடிய மலைக்காரர்கள் கூலிப்படை வீரர்களாகப் பெயர் பெற்றவர்கள். போருக்குத் துணைநின்ற சாமியாக இருக்கலாம் என்று இன்னொரு கருத்தும் உண்டு. எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது.

படங்களில் கோயிலுக்கு மேல் வெள்ளைக் கூடாரம் தெரிகிறதே, அது இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1987இல் தற்காலிகமாகப் போட்டது. அதைத் தெரிந்துகொண்டு போங்கள். மலைமேல் தூண்கள் வானத்தைத் தொட்டு நிற்கும் காட்சியை எதிர்பார்த்துப் போய், சர்க்கஸ் கூடாரத்தைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பியவர்கள் நிறைய.

கூடாரத்துக்கு நியாயமான காரணம் உண்டு. கோயில் பளிங்கால் ஆனதில்லை, அந்த மலையிலேயே வெட்டிய சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லின் விரிசலுக்குள் இறங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லைப் பிளக்கும். போதாக்குறைக்கு அடித்தளம் நகர்ந்ததில் தூண்கள் சாய்ந்திருக்கின்றன. இது நிலநடுக்கப் பகுதியும்கூட. அதனால் தூண்களைக் கழற்றி, அடித்தளத்தைச் சரிசெய்து, மறுபடி நிறுத்தும் வேலை பகுதி பகுதியாக நடக்கிறது. சாரமும் பாரந்தூக்கியும் கண்ணில் படலாம்.

என் கருத்து: வெளியிலிருந்து பார்த்தால் கூடாரம் கண்ணுக்கு உறுத்தல்தான். உள்ளே போனதும் நிலைமை மாறிவிடும். வெள்ளைத் துணி வழியாக வடிந்து வரும் வெளிச்சத்தில் நிழலே விழாது. சாம்பல்நிறக் கல்லின் ஒவ்வொரு கீறலும் தெரியும். காற்று அடிக்கும்போது துணி படபடக்கும், கம்பிகள் முனகும். வாசலில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், கோயிலை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

சிற்பங்கள் எங்கே?

லண்டனில். இது கொஞ்சம் நீளமான கதை.

நவீன ஐரோப்பாவில் இந்தக் கோயிலை முதலில் கண்டுசொன்னவர் ஜோவாஷிம் போஷே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர், 1765இல். மறுபடி வந்து முழுசாக ஆராய ஆசைப்பட்டு இரண்டாம் முறை கிளம்பியவர் வழியில் கொல்லப்பட்டார். அப்புறம் 1811இல் ஆங்கிலேயரான காக்கரெல், ஜெர்மானியரான ஹாலர் முதலியோர் அடங்கிய குழு வந்தது. இடிபாடுகளின் குவியலுக்குள்ளிருந்து ஒரு நரி வெளியே ஓட, அதன் வளைக்குள் எட்டிப் பார்த்த காக்கரெல் கண்ணில் செதுக்கிய பளிங்குப் பலகை ஒன்று பட்டதாம்.

அப்போது அந்தப் பகுதி உஸ்மானிய ஆட்சியில் இருந்தது. ஆளுநர் வேலி பாஷா, கிடைப்பதில் தனக்கும் பங்கு என்று பேசித் தோண்ட அனுமதி கொடுத்தார். வெள்ளி கிடைக்கும் என்ற நினைப்பு அவருக்கு. கல்தான் வருகிறது என்று தெரிந்ததும் தன் பங்கை விற்றுவிட்டார். 1812இல் தோண்டி எடுத்த 23 பலகைகளும் கப்பலேறி, அப்போது பிரிட்டன் வசமிருந்த சாக்கிந்தோஸ் தீவுக்குப் போயின. 1814இல் அங்கே நடந்த ஏலத்தில் பிரிட்டன் வாங்கியது. இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 16ஆம் அறையில் இருக்கின்றன. அமேசான் வீராங்கனைகளோடு கிரேக்கர் போரிடுவது ஒரு பகுதி, பாதி மனிதன் பாதி குதிரையான செந்தார்களோடு லபித்துகள் என்ற புராண இனத்தார் மோதுவது இன்னொரு பகுதி. இப்படிப்பட்ட சிற்பவரிசையைக் கோயிலின் வெளிப்புறத்தில் வைப்பதுதான் வழக்கம். இங்கே கருவறைக்குள், தலைக்கு மேலே நாலு பக்கமும் ஓடவிட்டிருந்தார்கள். இருட்டில் அதை யார் பார்த்திருப்பார்கள் என்பது இன்றைக்கும் விவாதம்.

அந்த முதல் கொரிந்தியத் தூண்தலைக்குக் கிடைத்த கதி இன்னும் மோசம். அது உடைந்து தொலைந்தது. சில துண்டுகளும் ஹாலர் அன்றைக்கு வரைந்து வைத்த படங்களும்தான் மிச்சம்.

எனவே லண்டன் பக்கம் இருப்பவர்கள் முதலில் அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தால், வெறும் சுவரைப் பார்க்கும்போது மேலே என்ன இருந்தது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்ட் போகிறவர்களுக்கு ஒரு உபரிச் செய்தி: அங்குள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தை வடிவமைத்தவர் இதே காக்கரெல். பாஸேயின் அயோனிக் தூண்களை அதில் அப்படியே கையாண்டிருக்கிறார்.

கோயிலில் இப்போது வழிபாடு ஏதும் நடக்கிறதா?

இல்லை. சாமி சிலையும் பழங்காலத்திலேயே போய்விட்டது. இங்கிருந்த வெண்கல அப்பல்லோவை மெகலோபோலிஸ் நகரத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று பௌசேனியஸ் எழுதியிருக்கிறார். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. சொல்லப்போனால் நல்ல காலணி அவசியம், தரையெல்லாம் கல்.

ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

பட்டியல் போட்டால் சின்னதாகத்தான் வரும். மரப் பலகணி வைத்த கல்வீடுகள், சரிவுக்கு ஏற்ப ஏறி இறங்கும் கல்பாவிய சந்துகள், சதுக்கத்தில் மர நிழலில் காப்பிக்கடை. ‘திராணி வ்ரிசி’ என்ற 1724ஆம் ஆண்டுக் கல் நீரூற்று. கிரேக்க விடுதலைக்கு வித்திட்ட ‘ஃபிலிகி எதேரியா’ என்ற ரகசிய சங்கத்தின் முன்னணிக்காரர் பனயோதிஸ் அனக்னோஸ்தோபுலோஸ் இந்த ஊர்க்காரர். நாட்டுப்புறப் பொருள்கள் வைத்த ஒரு அருங்காட்சியகமும் உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால் ஊரின் பெருமை நூலகம்தான். அகாதோஃப்ரோன் நிகொலோபுலோஸ் என்பவர் ஸ்மிர்னாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த அறிஞர். இசையமைப்பாளரும்கூட. அங்கே ஒரு பெரிய கல்விக்கழக நூலகத்தில் வேலை. அவருடைய அப்பாவின் ஊர் அந்திரித்சேனா. தன் வாழ்நாள் சேகரிப்பான சுமார் 4,000 நூல்களை, விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டின் இந்த மலையூருக்குக் கொடுத்துவிட்டார். அச்சுக்கலையின் ஆரம்ப நூற்றாண்டுகளைச் சேர்ந்த அரிய பதிப்புகள் அதில் உண்டு. 1841இல் பாரிஸிலேயே இறந்துபோனார். நல்ல சாலைகூட இல்லாத காலத்தில் அந்தப் பெட்டிகள் மலையேறி வந்திருக்கின்றன. வார நாளில் காலையில் போய்த் திறந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எப்படிப் போவது? பேருந்து உண்டா?

பேருந்து உண்டு, ஆனால் மிகக் குறைவு. நேர அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், புறப்படுவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கோயிலுக்குப் பேருந்து கிடையாது. டாக்ஸி பேசிக்கொண்டு போகலாம், ஓட்டுநரை அங்கேயே காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். தங்குமிடத்தில் சொன்னால் ஏற்பாடு செய்துகொடுப்பார்கள்.

வாடகைக் காரே நல்லது. ஏதென்ஸ், கொரிந்த், த்ரிபோலி, மெகலோபோலி வரை சுங்கச்சாவடிகள் உள்ள நல்ல விரைவுச்சாலை. மெகலோபோலியில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு மலையேறத் தொடங்குங்கள். அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர். நம் ஏற்காட்டுச் சாலையில் ஓட்டியவர்களுக்கு இந்த வளைவுகள் ஒரு பொருட்டில்லை. ஆடுகள்தான் எதிர்பாராமல் குறுக்கே வரும்.

இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள், அங்கே போய் வாங்க முடியாது. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் கார்களில் கையால் கியர் மாற்றுபவை அதிகம். தானியங்கி வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வழிகாட்டிப் பலகைகளில் கோயில் பெயர் ‘எபிகூரியோஸ் அப்பல்லோன்’ அல்லது ‘வாசெஸ்’ என்று இருக்கும். பாஸே என்றே எழுதியிருக்கும் என்று தேடாதீர்கள்.

விசா?

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம்வரை தள்ளிப் போடாதீர்கள், கோடையில் கூட்டம் நெரியும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை.

எந்த மாதம் போவது நல்லது?

மே, ஜூன், அப்புறம் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் வரை. மே மாதத்தில் மலையெல்லாம் காட்டுப்பூக்கள். ஜூலை, ஆகஸ்டில் ஒலிம்பியா கொதிக்கும்போது இங்கே மாலையில் சால்வை கேட்கும். ஆனால் அதே மாதங்களில் காட்டுத்தீ பயமும் உண்டு. 2007 ஆகஸ்டில் இலியா மாவட்டத்தை எரித்த தீ பல உயிர்களைக் குடித்தது. கைபேசியில் அவசர எச்சரிக்கை ஒலித்தால் அலட்சியம் செய்யாதீர்கள். அவசர உதவி எண் 112.

குளிர்காலத்தில் பனி பெய்யும், கோயில் சாலை வழுக்கும். ஊர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எந்த மாதமானாலும் கோயிலில் காற்று பலமாக இருக்கும். மேல்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

ஏன் ராத்திரி தங்கச் சொல்கிறீர்கள்?

ஒலிம்பியாவிலிருந்து வரும் கார்கள் கோயிலை எட்டும்போது பெரும்பாலும் பகல் ஏறிவிட்டிருக்கும். ஊரில் தூங்கி எழுந்தவர் கதவு திறக்கும் நேரத்துக்கே அங்கே நிற்கலாம். அநேகமாக நீங்களும் காவலரும் மட்டும்தான்.

இன்னொரு காரணம், இந்த ஊர் மத்தியானத்தில் பார்க்க வேண்டிய ஊரே அல்ல. இரண்டு மணிக்கு மேல் கடைகள் சாத்திக்கொள்ளும், தெருவில் ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தில் வந்து இறங்கி, “செத்த ஊராக இருக்கிறதே” என்று கிளம்பிப்போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. வெயில் தாழ்ந்த பிறகுதான் நாற்காலிகள் சதுக்கத்துக்கு வரும், தாத்தாக்கள் பகடை உருட்ட உட்காருவார்கள், ஒன்பது மணிக்குச் சாப்பாடு சூடாகும். தங்குவதற்கு நட்சத்திர விடுதிகளை எதிர்பார்க்காதீர்கள். குடும்பம் நடத்தும் சிறு விடுதிகளும் வாடகை அறைகளும் உண்டு. ஆகஸ்ட் 15 மாதா திருநாள் சமயத்தில் நகரங்களுக்குப் போனவர்கள் எல்லாம் ஊர் திரும்புவார்கள், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்க வேண்டுமா?

கொஞ்சமும் இல்லை. மலையூர் என்பதால் ஆட்டுக்கறிக்குப் பெயர்போனது, அது சரி. ஆனால் கிரேக்கர்களின் மரபுவழித் திருச்சபையில் விரத நாட்கள் ஏராளம். அந்த நாட்களுக்கென்றே இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாத சமையல் வளர்ந்திருக்கிறது. ‘நிஸ்திசிமோ’ இருக்கிறதா என்று கேளுங்கள், விரதச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். ஒரே எச்சரிக்கை: கணவாயும் ஆக்டோபஸும் அவர்கள் விரதத்தில் சேர்த்தி! அதனால் ‘ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்ஸாரி’, அதாவது கறியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கணவாய், ஆக்டோபஸ் பற்றியும் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

ஃபசோலாதா என்ற வெள்ளை அவரைச் சூப், தக்காளியில் வெந்த பெரிய மொச்சை, எண்ணெயில் வாட்டிய காய்கறிக் கலவையான ப்ரியாம், வேகவைத்து எலுமிச்சை பிழிந்த காட்டுக்கீரை ஹோர்தா, கீரைப் பணியாரம்போல அடுக்கடுக்கான ஸ்பனகோபிதா. காரம் எதிலும் இருக்காது, ஊறுகாய்ப் பொட்டலம் பையில் இருந்தால் சங்கடமில்லை. குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்த கெமிஸ்தாவில் சில வீடுகளில் கொத்துக்கறியும் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கடும் சைவக்காரர்கள் கவனிக்க: ஃபெதா பாலாடைக்கட்டியைத் திரைக்க வழக்கமாக விலங்கின் உறைநொதிதான்.

காப்பி கேட்டால் சர்க்கரை எவ்வளவு என்பார்கள். ‘ஸ்கெத்தோ’ என்றால் சர்க்கரை இல்லாமல், ‘மெத்ரியோ’ என்றால் அளவாக. அடியில் தங்கும் வண்டலைக் குடித்துவிடாதீர்கள்.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

கோயிலுக்குப் பக்கம்வரை கார் போகும், பெரிய ஏற்றம் கிடையாது. ஊரின் சந்துகள்தான் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சோதனை. முக்கியத் தெரு ஓரமாக அறை எடுங்கள்.

பக்கத்தில் வேறு எங்கே போகலாம்?

கோயிலைத் தாண்டி அதே சாலையில் இறங்கினால் பழைய ஃபிகாலியா. கோயிலைக் கட்டியவர்களின் நகர மதில் துண்டு துண்டாகக் காட்டிலும் தோட்டத்திலும் கிடக்கிறது. அதற்குக் கீழே நேதா ஆற்றின் பள்ளத்தாக்கு. கிரேக்கர்களின் தலைமைக் கடவுள் சீயஸைக் குழந்தையில் குளிப்பாட்டி வளர்த்த தேவதையின் பெயர் இந்த ஆற்றுக்கு. பிளாதானியா கிராமத்துப் பக்கம் அருவிகள் உண்டு, நடந்துதான் இறங்க வேண்டும்.

கிழக்கே லைக்கேயோன் மலை. உச்சியில் சீயஸுக்குப் பலியிட்ட சாம்பல் மேடு, கொஞ்சம் கீழே பழைய ஓட்டப்பந்தயத் திடல். மெகலோபோலி வழியாக வருகிறவர்கள் கரித்தேனாவில் நிறுத்தாமல் வராதீர்கள். பாறைமேல் மேற்கு ஐரோப்பியரான பிராங்கியர் கட்டிய 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை, அடியில் அல்ஃபேயோஸ் ஆறு. யூரோவுக்கு முந்தைய 5,000 த்ராக்மா நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது இந்த ஊர்தான்.

ஒலிம்பியாவை முன்னால் பார்ப்பதா, பின்னால் பார்ப்பதா?

பின்னால். ஏதென்ஸிலிருந்து கிளம்பி, கரித்தேனாவில் மதியம் சாப்பிட்டு, மாலைக்குள் அந்திரித்சேனா வந்துவிடலாம். மறுநாள் காலையில் கோயில், நூலகம் திறந்திருந்தால் நூலகம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒலிம்பியா நோக்கி இறக்கம். ஒலிம்பியாவிலும் பிற்பகல் வெயில் தணிந்தபின் பேருந்துக் கூட்டம் குறைந்திருக்கும். வேறு விமானத்தைப் பிடிக்க அவசரம் இல்லாதவர்கள், நேதா ஆற்றை ஒட்டி மேற்கே கிபரிசியா வளைகுடாவுக்கு இறங்கி, கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுக் கரையோரச் சாலையில் வடக்கே போகலாம். கோடையில் அந்த மணலில் கடலாமைகள் முட்டையிடும். குறிகள் நட்டுவைத்த இடங்களில் குடையை ஊன்றாதீர்கள்.